பாதிச் சொடுக்கு

லிண்ட்சேக்கு வடக்கே, ஏரிக்குத் திரும்பும் சரளைப் பாதையில்
செத்தவர் வீட்டுச் சாமான் விற்பனை.
மரக்கொட்டிலுக்குள் நீள மேசை.
ஒற்றைப் பனிச்சறுக்குக் கட்டை, கோழி உருவில் உப்புக் குப்பி,
பக்கத்தில் அது,
கம்பளித் துண்டின் மேல், யாரோ படுக்கவைத்ததுபோல்.

"ஆயிரத்து நூறு டொலர்," என்றாள் வெர்னா.
"என் மனுசன் நாற்பது வருசம் எண்ணெய் பூசினார்.
எனக்கு முதுகு தேய்த்ததைவிட அதிகம்."
நான்கு கோடையாக அவர் இல்லை.

பூட்டுத் தகட்டில் 1861.
தொண்ணூற்றெட்டுக்கு முந்தியது, உரிமம் தேவையில்லை,
கடதாசி ஒன்றும் வேண்டாம், காசைத் தந்துவிட்டுக் கொண்டுபோ.
எனக்குச் சிரிப்பு வந்தது.
இந்த நாட்டில் நான் தங்க
பதினோரு வருசக் கடதாசி.

எங்கள் பேச்சில் இதற்குத் துவக்கு என்று பெயர்.
எதைத் துவக்க என்று கேட்கிற இடத்தில்
நாங்கள் ஒருநாளும் நிற்கவில்லை.
நான் கண்டதெல்லாம் முன்பக்கத்திலிருந்து:
ஒரு கறுப்பு வட்டம், அதற்குப் பின்னால் கொஞ்சம் முகம்.
பின்பக்கத்தில் இவ்வளவு வேலைப்பாடு இருக்குமென்று
நாற்பத்தாறு வயதில், இந்தக் கொட்டிலில்தான் தெரிந்தது.

பீட்டர்பரோவில் கடைசல் பட்டறை, இரவு முறை.
மயிரில் பத்திலொன்று பிசகினாலும்
கழித்துப் போடுகிற வேலை என்னுடையது.
விரல் தானாகவே சுத்தியலுக்குப் போனது.
இழுத்தேன். டக். பாதியில் நின்றது.
இன்னும் இழுத்தேன். டக். முழுசாய்.
கட்டைவிரலால் தாங்கி மெல்ல இறக்கினேன்.
அரத்தாலும் வெறுங்கையாலும்
ஒருவன் இதைப் பொருத்தியிருக்கிறான்.
அவன் நேற்று எங்களிடம் வேலைக்கு வந்திருந்தால்
மேற்பார்வையாளன் வாய் திறந்திருக்க மாட்டான்.

உள்ளே ஒன்றுமில்லை என்று காட்ட
வெர்னா கம்பியைக் குழலுக்குள் இறக்கினாள்.
கம்பி நடுவழியில் நின்றுவிட்டது.
கைபேசி வெளிச்சத்தில் குனிந்து பார்த்தோம்: மண்.
குளவி கட்டிய கூடு.
"வாடகையும் தரவில்லை," என்றாள்.
திங்கள் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

தயாபரன் சோறு பிசைவதை நிறுத்தவில்லை.
"பனிச் சக்கரம் வாங்க வைத்த காசு," என்றார்.
வேறொன்றும் சொல்லவில்லை.
அந்த வேறொன்றை அவர்
பதினேழு வயதிலிருந்து சொல்லவில்லை.

ஞாயிறு இரவு, அளவு நாடாவோடு சுவர் சுவராய் நடந்தேன்.
வரவேற்பறையில் மாட்டினால்
அதன் வாய் ஆரபியின் கட்டிலைப் பார்க்கும்.
திருப்பி மாட்டினால், குசினி; அடுப்படியில் நிற்கிறவர் முதுகு.
நிமிர்த்தினால், மேல்மாடியில் சக்கர நாற்காலிக்காரர்.
கவிழ்த்தினால், நிலம்.
நிலத்துக்குள் யார் யாரென்று எனக்கு
முழுக் கணக்குத் தெரியாது.
நாடா கையிலிருந்து நழுவிச் சுருண்டுகொண்டது.
ஆனாலும், உண்மையைச் சொன்னால்,
படுக்கையில் கட்டைவிரல் அந்த வளைவைத் தேடிற்று.

திங்கள் காலை எடுத்தேன் பேசியை.
வாங்குகிறேன் என்றா, வேண்டாம் என்றா,
எண்ணை அழுத்தும்வரை எனக்கே தெரியாது.
"நேற்றே போய்விட்டது," என்றாள் வெர்னா.
"பிக்கப் வண்டிக்காரன் ஒருவன். பேரம் பேசவில்லை.
குழலுக்குள்ளும் பார்க்கவில்லை."
குளவியைப் பற்றிச் சொன்னீர்களா என்று கேட்டேன்.
"அவன் கேட்கவில்லையே."

ஆறுதலா, ஆத்திரமா,
ஏதோ ஒன்று தொண்டைவரை வந்து அங்கேயே நின்றது.

சனிக்கிழமை, வீட்டு வாசலில் புதுச் சக்கரங்கள் பூட்டினேன்.
மரையை இறுக்கி, அளவுச் சாவியை அழுத்த,
போதுமென்று அது சொன்னது:
டக்.
அடுத்த மரைக்குப் போகாமல்
குந்தியபடியே இருந்தேன்,
இரண்டாவது சத்தத்துக்குக் காது கொடுத்து.